வித்தைச் சைக்கிளுக்கு எத்தனை பல்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

பொங்கல் விளையாட்டுப் போட்டிகளில் 'மெதுவாகச் சைக்கிள் ஓட்டுதல்' என்று ஒன்று உண்டு என்பதை நாம் எல்லோரும் அறிவோம். சுண்ணாம்புக் கோடு போட்ட பாதையில், காலைத் தரையில் ஊன்றாமல், பக்கத்துக் கோட்டைத் தொடாமல், யார் கடைசியாக வந்து சேர்கிறாரோ அவருக்கே பரிசு. உலகத்தில் கடைசியாக வருபவனுக்குப் பரிசு கொடுக்கும் போட்டி இது ஒன்றாகத்தான் இருக்கும்! திருப்போரூருக்கு அருகில் உள்ள எங்கள் சிற்றூரில் இரண்டு பொங்கலுக்கு முன்பு நான் இந்தப் போட்டியில் இறங்கினேன். மற்றவர்கள் எல்லோரும் தட்டுத்தடுமாறி ஊர்ந்து கொண்டிருக்க, என் சைக்கிள் மட்டும் புறப்பட்ட இடத்திலேயே நின்றது. ஓரங்குலம் முன்னே போயிற்று. ஓரங்குலம் பின்னே வந்தது. கூட்டம் முதலில் கைதட்டிற்று. பிறகு கூச்சல் போட்டது. நடுவராக இருந்த பெரியவர் விசிலை ஊதி, "தம்பி, இது மெதுவாக ஓட்டுகிற போட்டி. ஓட்டாமலே இருக்கிற போட்டி இல்லை" என்று சொல்லி என்னை வெளியேற்றிவிட்டார். எவர்சில்வர் குடம் வேறொருவருக்குப் போயிற்று. அவர் சொன்னது நியாயமே. ஆனால் அன்று மாலை எங்கள் தெருவில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "முன்னாலே எத்தனை பல்லுடா, பின்னாலே எத்தனை பல்லு?" என்பதுதான். அந்தக் கேள்விக்குச் சரியான விடையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை ஆண்டும், என் சித்தப்பா மகனுக்கு ஒரு காறையெலும்பும் செலவாயின. ஆகவே அந்த விடையை இங்கே எழுதி வைப்பது கடமை என்று கருதுகிறேன்.

நாம் அன்றாடம் ஓட்டும் சைக்கிளின் பின்சக்கரத்தில் பிரீவீல் இருக்கிறது. பெடலை மிதித்தால் சக்கரம் சுற்றும். மிதிப்பதை நிறுத்தினால் 'டிக் டிக்' என்று ஓசையிட்டபடி சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும். பின்னோக்கி மிதித்தால் ஒன்றும் நடவாது. அந்தப் பிரீவீலை எடுத்துவிட்டு ஹப்போடு அசையாமல் பொருந்திய ஒரு பல்சக்கரத்தை வைத்துவிட்டால், சைக்கிளின் குணமே மாறிவிடும். சக்கரம் சுற்றும் வரையில் பெடலும் சுற்றியே தீரும். காலை நிறுத்தினால் சக்கரம் நிற்கும். பின்னோக்கி மிதித்தால் சைக்கிள் பின்னோக்கி ஓடும். இவ்வளவுதான் வேறுபாடு. எல்லா வித்தைகளும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

இது புதுமை அன்று, பழமை. சைக்கிள் பிறந்தபோது பிரீவீலே கிடையாது. பெரிய முன்சக்கரமும் சிறிய பின்சக்கரமும் கொண்ட பழைய உயரச் சைக்கிளில் பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தன. கால் ஒரு சுற்று என்றால் சக்கரமும் ஒரு சுற்று. 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட 'ரோவர்' சைக்கிளில்தான் செயின் வழியாகப் பின்சக்கரத்தை ஓட்டும் இன்றைய அமைப்பு நிலைபெற்றது. அதிலும் பின்பல் அசையாப் பல்லே. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் பிரீவீல் பரவலாயிற்று. ஆகவே நம் பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்துச் சைக்கிள்காரர் யாவரும், தாம் அறியாமலே, இன்று நாம் வித்தை என்று வியக்கும் வண்டியைத்தான் ஓட்டினார்கள்.

நம் பக்கத்தில் சைக்கிள் வித்தைக்குத் தனி வரலாறு உண்டு. ஊர்ப் பொது மைதானத்தில் கம்பம் நட்டு, ஒலிபெருக்கி கட்டி, மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று கீழே இறங்காமல் சைக்கிளிலேயே சுற்றிக்கொண்டிருப்பவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். குளிப்பதும் உண்பதும் சட்டை மாற்றுவதும் சைக்கிள் மேலேயே. மாலையானால் குழல்விளக்கை மார்பில் உடைப்பது, பல்லால் கடித்து ஆளைத் தூக்குவது முதலிய சாகசங்கள். ஊரார் சட்டையில் ரூபாய் நோட்டுக் குத்துவார்கள். எங்கள் பாட்டி இன்றும் அதைச் சொல்லும்போது கண் கலங்குவார்; "வயித்துப் பொழப்புக்காக ராவும் பகலும் சுத்தினான், பாவம்" என்பார். இன்னொரு பக்கம் சர்க்கஸ். கேரளத்தின் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியதிலிருந்து தென்னாட்டுச் சர்க்கஸ்களுக்குச் சைக்கிள் ஆட்டம் ஒரு நிரந்தர அங்கம். சர்க்கஸ்காரர்களின் சைக்கிளைக் கூர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன்பல்லும் பின்பல்லும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். கூடாரத்துக்குள் வேகம் எதற்கு?

இதற்கு நேர்மாறானது பந்தயத் தளம். கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் போகும் சாலையில் மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில், சாய்வான ஓடுதளம் ஒன்று உண்டு. அத்தகைய தளங்களில் ஓடும் பந்தயச் சைக்கிளிலும் அசையாப் பல்தான், பிரேக்கே கிடையாது. ஆனால் அங்கே பின்பல்லைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு பற்கள் முன்னால் இருக்கும். ஒரே இயந்திரம், ஒரு கோடியில் ஒன்று, மறு கோடியில் நான்கு. நடுவில் நமக்கு வேண்டியது எது என்பதே கேள்வி.

இப்போது கொஞ்சம் கணக்கு. கலைப்பிரிவு நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறொன்றும் இல்லை.

முன்பல் எண்ணிக்கையைப் பின்பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது பல் விகிதம். என் தந்தையாரின் பழைய 28 அங்குலச் சைக்கிளில் முன்னால் 44, பின்னால் 18. ஆகவே விகிதம் 2.44. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 2.44 சுற்றுச் சுற்றும். டயரோடு சேர்த்து அந்தச் சக்கரத்தின் விட்டம் 71 செ.மீ.; சுற்றளவு 2.23 மீட்டர். எனவே ஒரு மிதிச் சுற்றுக்கு 5.45 மீட்டர் தூரம். நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. பால் கேன் கட்டிக்கொண்டு ஆலத்தூருக்கும் தையூருக்கும் போய் வருவதற்கு அதைவிடப் பொருத்தமான விகிதம் கிடையாது. இங்கிலாந்துக்காரர்கள் இதையே இன்னொரு விதமாகச் சொல்வார்கள்: சக்கர விட்டத்தை விகிதத்தால் பெருக்கி, '68 அங்குலக் கியர்' என்பார்கள். பழைய உயரச் சைக்கிளில் சக்கரம் எத்தனை அங்குலமோ அத்தனை வேகம் என்று இருந்ததன் மிச்சம் இந்தக் கணக்கு. வண்டி போய்விட்டது, அளவு மட்டும் பேய்போல் இன்னும் சுற்றுகிறது.

ஆனால் வித்தைக்கு இவை இரண்டும் போதா. கிராங்கின் நீளமும் கணக்கில் வர வேண்டும். அமெரிக்காவில் சைக்கிள் மெக்கானிக்காக இருந்து, சைக்கிளைப் பற்றி ஏராளமாக எழுதிய ஷெல்டன் பிரௌன் (1944–2008) என்பவர் இதற்கு ஓர் அழகான வழி சொன்னார். சக்கரத்தின் ஆரத்தைக் கிராங்கின் நீளத்தால் வகுத்து, அதைப் பல் விகிதத்தால் பெருக்கு. வருவது வெறும் எண்; அங்குலமும் இல்லை, மீட்டரும் இல்லை. பெடல் தன் வட்டத்தில் ஒரு செ.மீ. நகர்ந்தால் சைக்கிள் சாலையில் எத்தனை செ.மீ. நகரும் என்பதை அது சொல்கிறது. தந்தையாரின் வண்டியில் ஆரம் 355 மி.மீ., கிராங்க் 165 மி.மீ.; கணக்கிட்டால் 5.26. அதாவது கால் ஒரு செ.மீ. அசைந்தால் வண்டி ஐந்தேகால் செ.மீ. தாவும்.

முதலாண்டில் நாம் படித்த நெம்புகோல் தத்துவத்தை இங்கே நினைவுகூர வேண்டும். தூரத்தில் 5.26 மடங்கு கிடைக்கிறது என்றால் விசையில் 5.26இல் ஒரு பங்குதான் கிடைக்கும். இயற்கை இலவசமாக எதையும் தருவதில்லை. கிராங்க் படுக்கையாக இருக்கும் நேரத்தில் 50 கிலோ எடையைப் பெடலில் வைத்தால், டயர் தரையை உந்தும் விசை ஒன்பதரைக் கிலோ எடை அளவே.

இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு வித்தைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். நின்ற இடத்தில் நிற்பதுதான் முதல் பாடம். முன்சக்கரத்தைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டு, விழப்போகும் பக்கத்துக்கு வண்டியை ஓரங்குலம் நகர்த்தி, மறுபடி மீட்டு, இப்படியே சமநிலை காக்க வேண்டும். எண் பெரிதாக இருந்தால் காலின் சிறு நடுக்கமும் வண்டியில் பெரிய தாவலாகிவிடும். எண் சிறிதாக இருந்தால் நுணுக்கமாக நகர்த்தலாம். நூலைக் கோப்பது போல.

பின்னோக்கி ஓட்டுவதற்கும் அதுவே. இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளி, ஹேண்டில் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால் விழுமாறு சைக்கிள் செய்யப்பட்டிருக்கிறது. தள்ளுவண்டியின் சிறு சக்கரம் இழுத்த இழுப்புக்குத் தானே நேராவதுபோல, முன்னே போகும்போது ஹேண்டில் தானே நேராகிறது. பின்னே போகும்போது இதே அமைப்பு எதிரியாகி, ஹேண்டிலை ஒடித்துத் திருப்பப் பார்க்கும். அதனால்தான் சர்க்கஸ் சைக்கிளின் போர்க் வளைவின்றி ஏறக்குறைய நேராக, செங்குத்தாக நிற்கிறது. நம் பழைய சைக்கிளின் போர்க்கோ மேடு பள்ளச் சாலைக்காக நன்றாக முன்னே வளைக்கப்பட்டது. அதில் பத்தடி பின்னே ஓட்டுவதற்குள் எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவதில்தான் விசை முக்கியம். ஆளும் வண்டியும் சேர்ந்து 75 கிலோ என்போம். புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். நன்றாகப் பின்னால் சாய்ந்து, அந்த மையம் பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்திற்கு 15 செ.மீ. முன்னால் வரும்படி உட்கார்ந்தால், முன்சக்கரம் எழும்ப 75 × 0.15, அதாவது 11.25 கிலோ எடை அளவு உந்து விசை வேண்டும். எண் 5.26 என்றால் பெடலில் 59 கிலோ. என் எடையைக் காட்டிலும் அதிகம்! எண் 4 என்றால் 45 கிலோ போதும். வித்தைக்காரர்கள் ஏன் சிறிய முன்பல்லைத் தேடுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

அப்படியானால் சர்க்கஸ்காரரைப் போல ஒன்றுக்கு ஒன்று வைத்துவிட்டால் என்ன? வைக்கலாம். ஆனால் மைதானத்துக்கு அதை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஒன்றுக்கு ஒன்று வைத்த 26 அங்குலச் சைக்கிளில் நிமிடத்திற்கு 90 சுற்றுக் காலை அடித்தாலும் மணிக்கு 11 கி.மீ.தான். அன்றியும், பிரீவீல் இல்லாததால் இறக்கத்தில் காலைச் சும்மா வைத்திருக்க முடியாது. சக்கரம் இழுக்கிற இழுப்புக்குக் கால்கள் சுற்றியே ஆக வேண்டும். 2000ஆம் ஆண்டுகளின் நடுவில் நியூயார்க், சான்பிரான்சிஸ்கோ நகரங்களில் தபால் பட்டுவாடா செய்யும் சைக்கிள் இளைஞர்கள், பந்தயத் தளத்துச் சைக்கிளைத் தெருவில் ஓட்டி, படிக்கட்டில் தாவுவது, ஹேண்டிலைச் சுழற்றுவது என்று ஒரு புது விளையாட்டைக் கிளப்பினார்கள். முதலில் அவர்கள் மூன்றை ஒட்டிய விகிதம்தான் வைத்திருந்தார்கள். மெல்லிய பிரேம்களும் போர்க்குகளும் முறிந்தன. பின்னர் 26 அங்குலச் சக்கரம், தடித்த குழாய், இரண்டைச் சற்றே தாண்டிய விகிதம் என்று மாறினார்கள். இரண்டுக்கு அக்கம்பக்கம் என்பது அவர்கள் எலும்பு முறித்துக் கண்டுபிடித்த உண்மை.

நானும் அதையே கண்டுபிடித்தேன், வேறு விதமாக. பழைய இரும்புக் கடையில் ஒரு சிறுவர் சைக்கிளின் கிராங்கும் 36 பல் சக்கரமும் சேர்ந்தாற்போல் கிடைத்தன. கிராங்க் 150 மி.மீ. பின்னால் இருந்த 18 பல்லோடு அதைச் சேர்த்தால் சரியாக 2. எனக்கு மெத்த மகிழ்ச்சி. இரண்டு என்பது எவ்வளவு அழகான எண்! காலை இறுக்கி டயரைச் சறுக்கவிட்டு நிறுத்தும் வித்தையைத் தெருவில் காலையும் மாலையும் பழகினேன். மூன்றே வாரத்தில் புத்தம் புதிய பின்டயர் ஓரிடத்தில் மட்டும் நூல் தெரியத் தேய்ந்து, 'டப்' என்று வெடித்தது. மற்ற இடமெல்லாம் கடையில் வாங்கியபோது இருந்த மயிர்கூட உதிராமல் இருந்தது. டயர் மட்டம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனேன். அவர் டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது டயர் கோளாறு இல்லை தம்பி. ஒரே இடத்திலேயே உரசியிருக்கிறாய்" என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். சறுக்கி நிறுத்தும்போது எவனும் தனக்கு வாகான காலை முன்னால் வைத்துத்தான் காலை இறுக்குவான். எனக்கு வலது கால். ஆக ஒவ்வொரு தடவையும் கிராங்க் ஒரே நிலையில் நிற்கிறது. விகிதம் 2 என்றால் கிராங்க் ஒரு முழுச் சுற்று வரும்போது சக்கரம் சரியாக இரண்டு முழுச் சுற்று வந்துவிடுகிறது. ஆகவே கிராங்க் அந்த நிலைக்கு எத்தனை முறை வந்தாலும் தரையைத் தொடுவது டயரின் அதே இடம்! நூறு தடவை நிறுத்தினால் நூறு தேய்வும் ஒரே உள்ளங்கை அகலத்தில்.

எட்டாம் வகுப்பில் படித்த மீ.பொ.வ. கணக்கு இங்கே வந்து நின்றது. முன்பல், பின்பல் இரண்டையும் அவற்றின் மீப்பெரு பொது வகுத்தியால் வகுத்துச் சுருக்க வேண்டும். சுருக்கிய பின்னத்தின் கீழ் எண் எதுவோ, அத்தனை இடங்களில் டயர் தேயும். 36/18 சுருங்கினால் 2/1, ஓர் இடம். 48/16 சுருங்கினால் 3/1. அதுவும் ஓர் இடம். தந்தையாரின் 44/18 சுருங்கினால் 22/9, ஒன்பது இடம். 44/17 சுருங்கவே சுருங்காது, பதினேழு இடம். டயருக்கு அதுவே சொர்க்கம். இரண்டு காலையும் மாற்றி மாற்றி முன்வைத்துப் பழகியவர்களுக்கு இன்னொரு சலுகை உண்டு. சுருக்கிய பின்னத்தின் மேல் எண் ஒற்றைப்படையாக இருந்தால் தேயும் இடங்கள் இரட்டிப்பாகும். இரட்டைப்படையாக இருந்தால் ஆகாது. காரணம் எளிது. கால் மாற்றுவது என்றால் அரைச் சுற்று. மேல் எண் ஒற்றையானால் அந்த அரைச் சுற்று டயரைப் புதிய இடங்களுக்குக் கொண்டுபோகும். இரட்டையானால் பழைய இடங்களுக்கே கொண்டுவந்து விடும். தாளில் ஒரு வட்டம் போட்டு 9/5க்கும் 22/9க்கும் குறித்துப் பாருங்கள், விளங்கும். எங்கள் கணிதப் பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் கரும்பலகையிலேயே போட்டுப் பார்த்துவிட்டு, "யூக்ளிட் சைக்கிள் ஓட்டியிருந்தால் டயர் மிச்சமாகியிருக்கும்" என்றார்.

பின்னால் 20 பல் வைத்தேன். 36/20 என்பது 9/5. ஒரு காலுக்கு ஐந்து இடம், இரு காலுக்குப் பத்து இடம். விகிதம் 1.8.

இங்கே கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பல் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்குப் பல்சக்கரம் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. பிரீவீலை அசையாப் பல்லாக்க ஊர்களில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அதன் உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் சேர்த்து வெல்டிங் வைத்து ஹப்பில் முறுக்கினேன். ஹேண்டிலை முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதற்காகப் பிரேக் கம்பிகளைக் கழற்றி வீட்டுப் பரண்மேல் போட்டேன். அசையாப் பல்லே ஒரு பிரேக்தானே என்பது என் எண்ணம்.

திருப்போரூரிலிருந்து நெம்மேலி போகும் சாலையில் பக்கிங்காம் கால்வாயின்மேல் பாலம் இருக்கிறது. நம் கடலோரம் முழுவதும் சமதளம். ஏற்றம் இறக்கம் என்றால் இப்படிப்பட்ட பாலங்கள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் சித்தப்பா மகனைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். பாலத்து இறக்கத்தில் வேகம் கூடியது. காலைப் பின்னோக்கி அழுத்தினேன். ஒரு கணம் பிடித்தது. அடுத்த கணம் பெடல் வெற்றாகப் பின்னால் சுற்றியது. கையில் பிரேக் இல்லை. எதிரே ஒரு வேன். ஓரத்து மணலில் சாய்த்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவனுக்கு வலது காறையெலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைக் கட்டிவிட்டார்கள். அரையாண்டுத் தேர்வை அவன் எழுதவில்லை. என் சித்தி ஒரு வார்த்தையும் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

ஊரார் எல்லோரும் "வெல்டிங் விட்டுவிட்டது" என்றார்கள். வெல்டிங் வைத்தவரை நானும் மனத்துக்குள் வைதேன். மறுநாள் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது வெல்டிங் கல்லுப் போல இருந்தது. கழன்றது மரை. பிரீவீல் ஹப்பில் வலது மரையில் ஏறுகிறது. முன்னோக்கி மிதிக்க மிதிக்க இறுகுவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். பின்னோக்கி அழுத்தினால் அது கழலத்தானே செய்யும்? பிரீவீல் பிரீவீலாக இருக்கும்வரை பின்னோக்கி விசையே அதன் மேல் வராது. ஆகவே கழலவும் கழலாது. வெல்டிங் வைத்த அன்றே அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. ஆக, வெல்டிங் எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவுக்கு ஆபத்து அதிகம். இதை ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தாளிலேயே கண்டுபிடித்திருக்கலாம்.

சிலர் ஓர் உபாயம் சொல்வார்கள். பெடல் அச்சைத் தாங்கும் பி.பி. கப்பின் மரையும் பிரீவீல் மரையும் ஒரே அளவு: 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. ஆகவே பி.பி. கப்பின் பூட்டு வளையத்தைப் பல்சக்கரத்தின்மேல் வைத்து இறுக்கிவிட்டால் போதும் என்பார்கள். போதாது. அந்த வளையமும் அதே வலது மரையில்தான் ஏறுகிறது. பல்சக்கரம் கழலும்போது அதையும் சேர்த்துத் திருகிக்கொண்டு வெளியே வரும். உராய்வு கூடும், உத்தரவாதம் கூடாது. சரியான வழி ஒன்றுதான். பந்தயத் தளச் சைக்கிளுக்கு என்று செய்யப்படும் ஹப்பில் இரண்டு படி மரை உண்டு. உள்படி வலது மரை, அதில் பல்சக்கரம். வெளிப்படி சற்றுச் சிறியது, இடது மரை. அதில் பூட்டு வளையம். பல்சக்கரம் பின்னோக்கிக் கழலப் பார்த்தால் அந்தத் திருப்பமே பூட்டு வளையத்தை மேலும் இறுக்கும். கள்ளன் ஓடினால் கதவு தானே சாத்திக்கொள்வது போன்ற ஏற்பாடு. இடப்பக்கப் பெடலுக்கு இடது மரை வைத்தவர்களும் இப்படித்தான் மரையின் திசையைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் அந்த ஹப்பை வாங்கினேன். அதில் 36 துளை. நம் பழைய சைக்கிளின் பின்ரிம்மிலோ 40 துளை, முன்ரிம்மில் 32. ஆகவே 36 துளையுள்ள 26 அங்குல ரிம்முக்கு மாற வேண்டியதாயிற்று. சைக்கிளில் ஒன்றைத் தொட்டால் ஒன்பது அசையும். சக்கரம் சிறிதானதும் வண்டி இரண்டரை செ.மீ. கீழே இறங்கிவிட்டது. அசையாப் பல் வண்டியில் வளைவிலும் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும். உட்பக்கப் பெடலைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது. அது தரையில் இடித்தால் பின்சக்கரமே எகிறிவிடும். நல்லவேளையாக என் கிராங்க் சிறுவர் சைக்கிளினுடையது, 15 மி.மீ. குட்டை. முழு நீளக் கிராங்க் வைத்திருப்பவர்கள் சக்கரத்தைச் சிறிதாக்கும் முன் இதை அளந்து பார்ப்பது நல்லது. இப்போது என் வண்டியின் எண் 330/150 × 1.8, அதாவது 3.96. பெடலில் 45 கிலோ வைத்தால் முன்சக்கரம் எழுகிறது. நிமிடத்திற்கு 60 சுற்றில் மணிக்கு 13 கி.மீ. அந்தப் பாலத்து இறக்கத்தில் 25 கி.மீ. வேகம் பிடித்தால் கால் 112 சுற்று அடிக்க வேண்டும். எனக்கு அது முடியாது. ஆகவே அங்கே நான் பிரேக் பிடிக்கிறேன்.

ஆம், முன்பிரேக்கைத் திரும்பவும் மாட்டிவிட்டேன். கம்பி பிரேக் அல்ல, கேபிள் பிரேக். கேபிளைச் சற்று நீளமாக விட்டால் ஹேண்டிலை ஒரு சுற்றுச் சுற்றி மறு சுற்றில் அவிழ்த்துக்கொள்ளலாம், வித்தை கெடாது. இங்கிலாந்தில் 1983ஆம் ஆண்டு விதிகள் அசையாப் பல்லை ஒரு பிரேக்காக ஒப்புக்கொள்கின்றன. ஆனாலும் முன்பிரேக் இருந்தே ஆக வேண்டும் என்கின்றன. பிரேக்கைப் பிடிக்கும்போது உடல் எடை முன்னால் சாய்கிறது; பின்டயரின் பிடிப்புக் குறைகிறது. பின்சக்கரத்தை மட்டும் நிறுத்தி வண்டியை நிறுத்துவது பாதி நிறுத்தந்தான் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

செயினைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சாதாரணச் சைக்கிளில் செயின் கழன்றால் இறங்கிக் கையைக் கரியாக்கிக்கொண்டு மாட்டிவிடலாம். இங்கே செயின் கழன்று பல்லுக்கும் போக்ஸ் கம்பிக்கும் இடையே சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆள் முன்னால் பறப்பான். ஆகவே இரு பற்களும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். செயின் நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு செ.மீ. அசையலாம், அதற்குமேல் தொங்கக் கூடாது. விலை மலிவான முன்பல் சக்கரங்கள் முழு வட்டமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தொளதொளக்கும். பெடலை மெல்லச் சுற்றி, எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே வைத்து அளவு பார்த்துத்தான் பின் நட்டை முடுக்க வேண்டும். நம் கடலோரத்துக்கு இன்னொரு தொல்லை: உப்புக்காற்று. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை எவன் வீட்டுச் சைக்கிள் செயினையும் பாருங்கள், துரு. தேய்ந்த செயின் நீளும். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அடிக்கோலை வைத்து மாதம் ஒருமுறை அளக்கிறேன். அரைக்கால் அங்குலம் கூடிவிட்டால் செயினை மாற்றிவிட வேண்டும். வேட்டி, கைலியோடு இந்த வண்டியில் ஏறக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற வண்டியில் துணி சிக்கினால் காலை நிறுத்தலாம். இங்கே வண்டி நிற்கும்வரை துணியை இழுத்துக்கொண்டே இருக்கும். அதுபோலவே சக்கரத்தைச் சுழலவிட்டுக்கொண்டே செயினைத் துணியால் துடைப்பது. மற்ற வண்டியில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். இதில் அப்படிச் செய்தால் விரல் பல்லுக்குள் போய்விடும். சுற்றுகிற சக்கரம் அதை விடாது. செயினைத் துடைக்க வேண்டுமானால் சக்கரத்தை நிறுத்தி, ஒரு சாண் துடைத்து, கையை எடுத்து, நகர்த்தி, மறுபடி ஒரு சாண் துடைக்க வேண்டும்.

சித்தப்பா மகன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. தோள் சரியாகிவிட்டது, மழை நாளில் மட்டும் வலி உண்டு என்கிறான். போன மாதம் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் பின்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பூட்டு வளையத்தை விரலால் தொட்டு, "இது எந்தப் பக்கம் இறுகும்?" என்று கேட்டான். இடப்பக்கம் என்றேன். ஸ்பேனரை எடுத்து ஒரு தரம் இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினான்.